கலமேறிய வணிகரும் கடல் கடந்த கோயிலும்

பங்குனி உத்திரத் திருக்கல்யாணம் கண்டு, ஏகாம்பரநாதப் பெருமான் திருமுன் கருப்பூர தீபத்தைக் கண்களில் ஒற்றிக்கொள்கின்றோம். முன்னாளில் கருப்பூரத்துக்குப் பெயர்பெற்ற துறை சுமத்திராத் தீவின் மேலைக் கரையிலுள்ள பாரூசு ஆகும். மலாய் மக்கள் இன்றும் கருப்பூரத்தை அத்துறையின் பெயரோடு சேர்த்தே வழங்குவர். (இப்பொழுது கடையில் வாங்கும் சூடன் ஆலையில் செய்வது, அது வேறு.)

கடல் கடந்த பெருமை என்றவுடன் நாம் இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பையே பேசிக் களிக்கின்றோம். படை சென்றது, வென்றது, மீண்டது. அங்கே தங்கியவர் யார்? வணிகரே.

இக்காஞ்சியிலிருந்து ஆண்ட மூன்றாம் நந்திவர்ம பல்லவனுக்கு அவனிநாரணன் என்றொரு விருதுப்பெயர் உண்டு. அப்பெயரால் அவனிநாரணம் என ஒரு குளம், இன்றைய தாய்லாந்தின் தகுவாபாப் பகுதியில் தோண்டப்பட்டது. அதனைக் கூறும் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அக்குளம் மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவினரின் அடைக்கலம் என்கிறது. அயலூரில் பொருளீட்டியவர் அங்குத் தண்ணீரும் வைத்தனர் என்பது நாம் நினைந்து மகிழத்தக்கது.

பாரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டோ திசையாயிரத்து ஐந்நூற்றுவருடையது. அங்கு வரும் மரக்கலத்தார் கத்தூரி விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்த வேண்டும் என்று அவர்கள் விதித்தனர். அரசன் ஆணையன்று, வணிகர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட கட்டுப்பாடு. காரைக்காலம்மையாரின் கணவன் பரமதத்தன் கலமேறிப் பொருளீட்டி வேற்றூரில் குடியமர்ந்த வரலாற்றை நாம் அறிவோம். அவனை மட்டும் எண்ணி வணிகர் குலத்தை அளப்பது முறையன்று.

காஞ்சி நெசவாளரையும் இங்கே மறத்தலாகாது. இந்நகரத்து ஊரகத் திருமால் கோயில் நிருவாகத்தில் நெசவாளர் சேரியாருக்குப் பங்கு இருந்ததை உத்தம சோழன் செப்பேடு காட்டும். நெய்தவரும் விற்றவரும் கோயிலுக்குப் புறத்தே நின்றவரல்லர்.

நிற்க. சோழர் ஆட்சி 1279ஆம் ஆண்டளவில் முடிந்தது. ஆளும் வேந்தன் போயினான், கலம் நின்றதா? 1281ஆம் ஆண்டுச் சித்திரையில், சீனத்துச் சுவான்சோ துறைமுகத்தில், சம்பந்தப்பெருமாள் என்னும் தமிழர் திருக்கதலீச்சுரம் என்று பெயரிட்டுச் சிவபெருமானை எழுந்தருளுவித்தார். அந்நாட்டை ஆண்ட மங்கோலியப் பேரரசன் குப்லாய்கானின் உடல்நலம் வேண்டி அது செய்யப்பட்டது. அச்செய்தியைத் தமிழில் பொறித்த கல்லின் ஈற்றில் சீன எழுத்தும் உள்ளது. கோயில் பின்னாளில் அழிந்தது. அந்நகரில் எஞ்சிய சிற்பக் கற்களுள் ஒன்றில் யானை சிவலிங்கத்தை வழிபடுகிறது. மற்றொன்றில் பசுவொன்று இலிங்கத்தின்மேல் பால் சொரிந்து நிற்கிறது.