சைக்கிளை விட்டு இறங்காத ஆண்மை



"ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்ற கேள்வி நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் இன்றும் ஒலிக்கிறது. முறுக்கேறிய உடலும் ஓங்கிய கையுமே ஆண்மை என்று நம் மாணவர்கள் பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கையை நம் முன்னோர் வரலாற்றோடும் அதனைச் சொல்லும் புனைகதைகளோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உழைப்பாளி ஒருவனுக்கு உடல்தான் ஒரே சொத்து. அச்சொத்தும் பிறருக்கே உரிமையாகிவிடுகிறது என்பதை உலக இலக்கியம் பலவாறு பேசியுள்ளது. அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சிங்க்ளேர் 1906-இல் வெளியிட்ட 'தி ஜங்கிள்' நாவலில், குடியேறி வந்த இளைஞன் ஒருவன் தன் உடல் வலிமையைப் பெருமையாக எண்ணுகிறான். சிகாகோ இறைச்சித் தொழிற்சாலை அவ்வலிமைக்காகவே அவனை வேலைக்கு எடுக்கிறது. காயமுற்று அவ்வலிமை குன்றியதும் அவனைத் தள்ளிவிடுகிறது.

இதே கதை நம் ஊரிலும் நடந்ததுதான். இன்று தொழிற்சாலைகளும் நெடுஞ்சாலையும் சூழ்ந்துள்ள ஜுரு அமைந்திருப்பது செபராங் பிறையில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரம் கரும்புத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றது. பத்து காவான், கலிடோனியா முதலிய தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் உழைத்தனர். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. கங்காணி முறை தொடர்ந்தது. விடியுமுன்னரே பெரட்டுக்கு நின்ற மனிதர்களைத் தோட்ட நிர்வாகம் ஆட்களாகவே எண்ணிக் கணக்கிட்டது. எண்ணுபவர் கிராணி, அவருக்கு மேலே துரை. பெரட்டில் தலைகுனிந்த ஆண், மாலையில் கள்ளுக்கடைக்குப் போய்விட்டு, இரவில் லயத்து வீட்டில் மனைவியிடம் தன் 'ஆண்மையை'க் காட்டினான். நம் தோட்டப்புறக் கதைகள் பலவற்றில் இக்காட்சி வருவதற்குக் காரணம் அது வாழ்வில் நிகழ்ந்தமையே.

இந்நிலையில் 1941-ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம் நம் கவனத்திற்குரியது. ஆர். எச். நாதன் முதலியோர் வழிநடத்திய அப்போராட்டத்தில் ஊதிய உயர்வு மட்டும் கேட்கப்படவில்லை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும். பெண் தொழிலாளர்களுக்கு இழைக்கப்படும் பாலியல் தொல்லை நிற்க வேண்டும் என்றெல்லாம் கேட்டனர். இவற்றோடு மற்றொரு கோரிக்கையும் இருந்தது. துரைமார்களும் தோட்ட அலுவலர்களும் எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்பதே அது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது சிறிய கோரிக்கையாகத் தோன்றும். ஆயினும் ஒருவன் தன் உடலைத் தானே ஆள வேண்டும் என்ற உரிமைக்குரல் இதனுள் அடங்கியிருக்கிறது. இறங்கச் சொன்னவர்களுள் நம்மவர்களான கிராணிகளும் இருந்தனர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. நாதன் கைது செய்யப்பட்டார், இராணுவம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

அடுத்த ஆண்டே ஜப்பானியர் ஆட்சி வந்தது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில், 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இரயில் பாதைக்காகத் தோட்டத்து ஆண்கள் பெருந்திரளாகக் கொண்டு செல்லப்பட்டனர். உழைப்புக்கு ஏற்ற உடல் என்று கருதப்பட்டதே அவர்களுக்கு வினையாயிற்று. காலராவும் மலேரியாவும் பசியும் வலிமையானவர்களையும் விட்டுவைக்கவில்லை. ஆண்கள் திரும்பி வராத லயங்களில் குடும்பத்தைத் தாங்கியவர்கள் பெண்களே. இத்துயரத்தை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலாக 1993-இல் தந்தார்.

போருக்குப் பின் நம் அண்டை மாநிலமான கெடாவில், தோட்டத்து இளைஞர்கள் 'தொண்டர் படை'யாகத் திரண்டனர். அணிவகுத்து நடை பயின்ற அவர்கள் கள்ளுக்கு எதிராக 1946, 1947-ஆம் ஆண்டுகளில் போராடினர். துரைக்கு முன் குனிந்த உடல்கள் ஒரு நோக்கத்திற்காக நிமிர்ந்து நின்றன.

அதே கெடாவின் பீடோங்கில் 1942-இல் பிறந்தவர் கே. எஸ். மணியம். ஆங்கிலத்தில் அவர் எழுதிய 'தி ரிட்டர்ன்' நாவல் 1981-இல் வெளிவந்தது. அதில் வரும் தந்தை சலவைத் தொழிலாளி. தனக்கென ஒரு துண்டு நிலம் வேண்டுமென ஏங்கி, தமக்கு உரிமையில்லாத நிலத்தில் வீடு கட்டுகிறார். முடிவில் அந்த வீட்டோடு தீயில் மாய்கிறார். மகனோ படித்து ஆசிரியராகிறான். உடலால் உழைத்த தந்தைக்கும் கல்வியால் உயர்ந்த மகனுக்கும் இடையே நிலவும் மௌனத்தை இந்நாவல் காட்டுகிறது. ஆசிரியர்களாகிய நம்முள் பலர் அத்தகைய தந்தையரின் பிள்ளைகளே அல்லவா?

எனவே, நம் பையன்களுக்கு ஆண்மையைப் பற்றிச் சொல்லும்போது இவ்வரலாற்றையும் சொல்வோம். தாத்தாக்களின் உடல் வலிமையை மட்டும் புகழ்ந்தால், அன்று துரைமார் மதித்ததையே இன்று நாமும் மதித்தவர்களாவோம். அவ்வலிமையைப் பறித்தவர்கள் யார், எந்த இடத்தில் அவர்கள் "இறங்க மாட்டேன்" என்றனர் என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும். ஓங்கிய கையைவிட நிமிர்ந்த முதுகு மேலானது என்பதை அப்போது அவர்களே உணர்வார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இவ்வார இறுதியில் பிள்ளைகளை அவர்களருகே அமர்த்திக் கேட்கச் சொல்லுங்கள். நூல்களில் ஏறாத பக்கங்கள் இன்னும் அவர்களிடம் இருக்கின்றன.