கட்டடம் கட்ட வந்து தச்சரானவர்



நம் சாத்தூர்ப் பக்கம் மரம் என்றால் முதலில் தீக்குச்சிதான் நினைவுக்கு வரும். சீவி, மருந்தில் தோய்த்து, ஒரு நொடியில் எரித்துவிடுகிறோம். மரத்தைப் பல தலைமுறை வாழவேண்டிய உயிராகப் பார்த்த ஒருவரைப் பற்றி இன்று எழுதுகிறேன். அவருக்கும் நம் தமிழ் மண்ணுக்கும் தொடர்பு உண்டு.

அவர் பெயர் ஜார்ஜ் நகாஷிமா. 1905ல் அமெரிக்காவில் ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்தவர். கட்டடக்கலை படித்து, டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்பவரிடம் வேலை பார்த்தார். 1937ல், அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டா' விடுதியைக் கட்டுவதற்காகப் புதுச்சேரிக்கு வந்தார். ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதரி மூலம் பணம் வந்ததால்தான் அந்தப் பெயர்.

அது கான்கிரீட் கட்டடம்தான். ஆனால் வெயிலுக்கு என்ன வழி செய்தார்கள் பாருங்கள். நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்தவை. வெளிச்சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடும் பலகை அடுக்குகள். அறைக் கதவுகள் இடைவெளி விட்ட தேக்குச் சட்டங்கள். சாத்தினாலும் காற்று வரும். கூரை இரண்டு அடுக்கு, நடுவில் காற்று. கைப்பிடிகளுக்குப் பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கினார்கள்.

அறைகளுக்கான தேக்குச் சாமான்களையும் நகாஷிமாவே வடிவமைத்தார். பின்னாளில் உலகமே கொண்டாடிய அந்தக் கை, மரச்சாமானில் பழகத் தொடங்கியது இங்கேதான். ஆசிரமத்தில் சீடராகவும் சேர்ந்தார். அரவிந்தர் அவருக்கு வைத்த பெயர் 'சுந்தரானந்தா', அதாவது அழகில் ஆனந்தம் காண்பவர். 1939ல் புறப்பட்டுப் போனார்.

அமெரிக்கா திரும்பியவரைப் போர் துரத்தியது. 1942ல் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை அந்த அரசு முகாம்களில் அடைத்தது. இவரும் மனைவியும் கைக்குழந்தையும் ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமில் அடைபட்டார்கள். செய்த குற்றம் ஒன்றுமில்லை, பிறந்த வம்சம்தான். அங்கே ஜப்பானிய மரபுத் தச்சர் ஒருவர் இருந்தார். படித்த கட்டடக் கலைஞர் அவரிடம் மாணவராகி, கிடைத்த பலகைத் துண்டுகளில் தொழில் கற்றார். 1943ல் ரேமண்ட் பொறுப்பேற்று வெளியே அழைத்துவந்தார்.

அதன்பின் பென்சில்வேனியாவில் பட்டறை போட்டார். மரத்தின் ஓரத்தைச் சீவாமல் அதன் வளைவோடே மேசை செய்தார். வெடிப்பு விழுந்த பலகையைக் கழிக்கவில்லை. வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டை ஒன்றைக் குறுக்கே பதித்துப் பிடித்தார். அந்த வெடிப்பே மேசைக்கு அழகானது. வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்த எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். 1964ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் வந்து மரச்சாமான்கள் வடிவமைத்தார். 1990ல் மறைந்தார்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் ஊரில் பழைய வீடுகள் இடிபடும்போது தாத்தா காலத்துத் தேக்கு நிலை, உத்திரம், ஊஞ்சல் பலகை எல்லாம் வந்த விலைக்குப் போகின்றன. அந்தப் பணத்தில் பிளைவுட் அலமாரி வாங்குகிறோம்; தண்ணீர் பட்டால் நாலு வருடத்தில் உப்பிவிடுகிறது. காற்று வரும் ஜன்னலை அடைத்துக் கண்ணாடி போட்டுவிட்டு, சித்திரை வெயிலுக்குக் கரண்ட் பில் கட்டுகிறோம்.

வீடு கட்டப்போகும் பிள்ளைகளே, பழைய மரத்தை விற்குமுன் நல்ல ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வெடித்திருந்தாலும் பரவாயில்லை. அதில் ஒரு பெஞ்சாவது தேறும். உங்கள் பேரன் அதில் உட்கார்ந்து படிப்பான்.

வீட்டில் பழைய மரச்சாமான் வைத்திருப்பவர்கள் கீழே படம் போடுங்கள். பார்க்க ஆவலாக இருக்கிறேன். எல்லோரும் நலமுடன் இருங்கள்.