எரிபொருள் தாங்கியும் இறப்பர்ப் பாலும்: இரு போர்விமானங்களின் சமூக வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு தினத்தன்று காலையில், கொழும்பு நகரின் மேலே இருவகைப் போர்விமானங்கள் மோதிக்கொண்டன. யப்பானியத் தளபதி நகூமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து, குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக வந்த 36 சீரோ விமானங்கள் ஒருபுறம். இரத்மலானையிலிருந்தும், விமான ஓடுதளமாக மாற்றப்பட்டிருந்த கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் எழுந்த பிரித்தானிய ஹரிக்கேன் விமானங்கள் மறுபுறம். சுமார் 20 ஹரிக்கேன்கள் அன்று அழிந்தன. முன்னெச்சரிக்கை கிட்டாமையால் அவற்றுட் சில நிலத்தைவிட்டு எழும்போதே தாக்கப்பட்டன என்பதையும் ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். விமானங்களின் தரம் ஒன்றே அன்றைய முடிவைத் தீர்மானிக்கவில்லை.

இவ்விமானங்களைப் பற்றி எழுதுவோர் வேகம், திரும்புந்திறன், சுடுவலு ஆகியவற்றை ஒப்பிட்டு, ஈற்றில் இரு பெயர்களிடம் வந்து சேர்வது வழக்கம். ஒருவர் சீரோவை வடிவமைத்த ஜிரோ ஹொறிகோஷி. மற்றவர் ஹரிக்கேனை வடிவமைத்த சிட்னி காம். இவ்விருவரின் ஆற்றலை மறுப்பது எமது நோக்கமன்று. ஆயின், மேதையின் மூளையிலிருந்து இயந்திரம் பிறக்கின்றது என்னும் கருத்து, கவிஞனின் உள்ளொளியிலிருந்து காவியம் பிறக்கின்றது என்னும் கருத்தின் உடன்பிறப்பேயாகும். இலக்கிய வரலாற்றில் நாம் ஏற்க மறுக்கும் ஒன்றைத் தொழில்நுட்ப வரலாற்றில் மாத்திரம் ஏற்பதற்கு நியாயமில்லை. எனவே இரு விமானங்களுக்கும் பொதுவான ஓர் உறுப்பை, அதாவது எரிபொருள் தாங்கியை, ஆதாரமாகக் கொண்டு இவ்விடயத்தை நோக்குவோம்.

ஹரிக்கேன் முதன்முதலாகப் பறந்தது 1935ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் திகதியாகும். அது பழைமைக்கும் புதுமைக்கும் இடைப்பட்ட படைப்பு. உருக்குக் குழாய்களாலான எலும்புக்கூடு, அதன்மேல் மரச்சட்டங்கள், அவற்றைப் போர்த்திய லினன் துணி என்பன அதன் பின்னுடலை உருவாக்கின. இரட்டைச் சிறகு விமானங்களைச் செய்துவந்த ஹொக்கர் தொழிற்சாலை, தன்னிடம் ஏலவேயிருந்த கருவிகளையும் தொழிலாளரின் கைத்திறனையும் கைவிடாது புதிய விமானத்தைச் செய்ய விரும்பியமையே இதன் காரணமாகும். இதனாலேயே அதனை விரைவாகவும் பெருந்தொகையாகவும் செய்யமுடிந்தது. சேதமுற்றதைக் களத்திலேயே திருத்தவும் முடிந்தது. கனடாவின் போட் வில்லியம் நகரில் 1,400க்கு மேற்பட்ட ஹரிக்கேன்கள் செய்யப்பட்டன. அங்கு தலைமைப் பொறியியலாளராக இருந்தவர் எல்சி மக்கில் என்னும் பெண்மணி. அத்தொழிற்சாலையின் தொழிலாளருள் ஏறத்தாழ அரைப்பங்கினரும் பெண்களே.

ஆயினும் இவ்விமானத்தில் கொடியதொரு குறை இருந்தது. சிறகுகளிலிருந்த தாங்கிகளுக்குக் காப்பு அளிக்கப்பட்டிருந்தபோதும், விமானிக்கு நேர்முன்னே, கருவிப்பலகைக்கு அப்பால் இருந்த தாங்கி 1940ஆம் ஆண்டுப் போரின் தொடக்கத்தில் காப்பின்றியே விடப்பட்டிருந்தது. அது தீப்பற்றியபோது சுவாலை விமானியின் முகத்தையும் கைகளையும் நோக்கியே பாய்ந்தது. இவ்வாறு எரியுண்ட இளைஞர் பலர் ஈஸ்ற் கிறின்ஸ்ரெட் மருத்துவமனையில் சத்திரசிகிச்சை நிபுணர் ஆர்ச்சிபோல்ட் மக்கின்டோவிடம் சிகிச்சை பெற்றனர். அவ்விபத்துகளின் பின்னரே அத்தாங்கிக்கும் இறப்பர்க் காப்பு இடப்பட்டது.

இக்காப்பின் தத்துவம் எளிமையானது. தாங்கியைச் சுற்றிப் பதப்படுத்தப்படாத இயற்கை இறப்பர்ப் படையொன்று அமைக்கப்படும். குண்டு துளைத்ததும், கசியும் பெற்றோல் அந்த இறப்பரைத் தொட, அது உப்பிப் பெருத்துத் துளையைத் தானே அடைத்துவிடும். ஹரிக்கேனின் தாங்கிகளைப் போர்த்த உதவிய லினரெக்ஸ் என்னும் இறப்பர்ப் பொருள் 1920களில் மலாயாவில் உருவாக்கப்பட்டதாகும். விமானியின் உயிருக்கும் தீக்கும் இடையே நின்றது, மரத்தில் வடிந்த பாலே.

சீரோவின் தாங்கியில் அத்தகைய காப்பு இருக்கவில்லை. விமானியின் பின்னால் கவசத்தகடும் இருக்கவில்லை. இதற்கு மேனாட்டு எழுத்தாளர் சிலர் கூறும் விளக்கம், சாமுராய் மரபில் வந்தவர் உயிரைத் துச்சமாக மதித்தனர் என்பதாகும். இது ஓர் இனத்தின் 'ஆன்மா'வைக் கொண்டு வரலாற்றை விளக்கும் கருத்துமுதல்வாதமேயன்றி வேறன்று. உண்மைக் காரணத்தை யப்பானியக் கடற்படை 1937இல் விடுத்த நிபந்தனைகளிற் காணலாம். மணிக்கு 500 கிலோமீற்றர் வேகம், இரு 20 மில்லிமீற்றர் பீரங்கிகள், மேலதிகத் தாங்கியுடன் ஆறு மணிநேரத்துக்கு மேற்பட்ட பறப்பு என்பன ஒருங்கே கோரப்பட்டன. அவ்வாண்டு யூலையிற் சீனாவின்மீது தொடங்கிய முழு யுத்தத்தின் அனுபவங்கள் இந்நிபந்தனைகளை மேலும் இறுக்கின. நகாஜிமா நிறுவனம் இப்போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. கிடைத்த இயந்திரமோ ஏறத்தாழ 950 குதிரைவலு மாத்திரமே கொண்டது. ஆகவே ஹொறிகோஷி பாரத்தைக் குறைப்பதொன்றையே வழியாகக் கண்டார். புதிய அலுமினியக் கலப்புலோகம் பயன்பட்டது. உட்சட்டங்களிலும் துளைகள் இடப்பட்டன. வெறும் விமானத்தின் நிறை 1,700 கிலோகிராமுக்கும் சற்றுக் குறைவாயிற்று. நெடுந்தூரம் சென்று பிறர் நாட்டைத் தாக்கும் ஏகாதிபத்தியத் தேவையே விமானியின் காப்பை விழுங்கியது எனலாம். சீரோ முதன்முதலாக வான்சமரில் ஈடுபட்டதும் பசுபிக் கடலின் மேலன்று. 1940 செப்ரெம்பர் 13ஆம் திகதி, சீனாவின் சொங்சிங் நகர்ப்புறத்திலேயாம்.

இங்கு இயந்திரப் பொருள்முதல்வாதத்தின் எளிய முடிவையும் நாம் தவிர்த்தல் வேண்டும். மூலப்பொருள் இன்மையாற்றான் சீரோவுக்கு இறப்பர்க் காப்பு அமையவில்லை என்று கூறமுடியாது. 1942இன் முற்பகுதியிலேயே மலாயாவும் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பான் வசமாயின. உலகின் இயற்கை இறப்பரிற் பெரும்பங்கு அதன் கைக்கு வந்தது. எனினும் சீரோவின் பிந்திய வகைகளிற்றான் காப்பு முயற்சிகள் மெல்லத் தோன்றின. அதற்குள் அனுபவம் மிக்க விமானிகளிற் பெரும்பாலோர் மாண்டுவிட்டனர். 1944 ஒக்ரோபரில் அதே சீரோ, 250 கிலோகிராம் குண்டைச் சுமந்து விமானியோடு சேர்ந்தே அழியும் ஆயுதமாயிற்று. பொருள் கையிலிருப்பது வேறு. எவருடைய உயிரைக் காக்க அதனைச் செலவிடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் வேறு. பிரித்தானிய ஆளுங்குழாம் இவ்விடயத்திற் கருணை மிக்கதாயிருந்தது என்பதும் பொருந்தாது. விமானிகள் எரிந்த பின்னரே அதுவும் விழித்துக்கொண்டது.

சீரோவின் உற்பத்தி பற்றிய செய்தியொன்று வேடிக்கைத் துணுக்காகப் பலராலும் எடுத்துரைக்கப்படுவதுண்டு. நகோயாவிலிருந்த மிற்சுபிசித் தொழிற்சாலையை ஒட்டி விமானத்தளம் இருக்கவில்லை. 1939இல் முதலாவது விமானம் பகுதிகளாகக் கழற்றப்பட்டு, ஏறத்தாழ 48 கிலோமீற்றர் தொலைவிலிருந்த ககமிகஹாராவுக்கு மாட்டுவண்டிகளிற் கொண்டுசெல்லப்பட்டது. கரடுமுரடான பாதையில் மோட்டார் வண்டியின் குலுக்கம் விமானத்தைச் சிதைத்துவிடும் என்பதே காரணம். அக்காலத்தின் மிக முன்னேறிய போர்விமானங்களுள் ஒன்று மாட்டின் நடைவேகத்தில் வானத்தை நோக்கிச் சென்றது. நாம் இதனை வேடிக்கையாகக் கொள்வதற்கில்லை. ஆயுதத்தொழில் ஒருபுறம் பாய்ந்து முன்னேற, பாதையும் கிராமமும் பின்தங்கிக் கிடந்த சமனற்ற வளர்ச்சியின் உருவமே அது. அவ்வளர்ச்சியின் மறுபக்கம் இன்னும் இருண்டது. 1944இல், கல்வி கிடைக்கும் என்ற வாக்குறுதியை நம்பி, பதின்மூன்று பதினான்கு வயதுக் கொரியச் சிறுமியர் நகோயாவின் விமானத் தொழிற்சாலைக்குக் கொண்டுவரப்பட்டு வேலைவாங்கப்பட்டனர். அவ்வாண்டு டிசெம்பர் 7ஆம் திகதிய பூகம்பத்தில் அவர்களுட் சிலர் அங்கேயே மாண்டனர். 2018 நவம்பரில், தென்கொரிய உயர்நீதிமன்றம் அவர்களுக்கு நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது அச்சிறுமியர் தொண்ணூறு வயதை அண்மித்திருந்தனர்.

இனி எமது நாட்டின் பக்கம் திரும்புவோம். மலாயா வீழ்ந்தபின், நேசநாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் முதன்மை ஊற்றாக விளங்கியது இலங்கையே. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளின் தோட்டங்களில், மரத்தின் பிற்கால நலனைப் பாராது மிதமிஞ்சிப் பால் வெட்டும் முறை போர்க்கால ஆண்டுகளில் ஊக்குவிக்கப்பட்டது. எந்த மரத்தின் பால் எந்த விமானத்துக்குச் சென்றது என்று எவராலும் கூறமுடியாது. அதனைக் கூறமுடியாதபடி உழைப்பின் அடையாளத்தைத் துடைத்துவிடுவதே பண்டத்தின் இயல்பு. ஆனால் இலங்கையைக் காக்கப் பிரித்தானியா முனைந்தமைக்குத் துறைமுகத்தோடு இத்தோட்டங்களும் ஒரு காரணமாயிருந்தன எனலாம். அப்பாலை வெட்டியோருட் சிங்களத் தொழிலாளரும் இருந்தனர். இந்திய வம்சாவளித் தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர். போர் முடிந்து மூன்றாண்டுகளின் பின், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பின்னையவருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அவர்களுள் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

அரும்பொருட்சாலைகளில் ஹரிக்கேனும் சீரோவும் இன்று மெருகூட்டப்பட்டு நிற்கின்றன. வடிவமைப்பாளர் பெயரும் குதிரைவலுவும் வேகமும் அவற்றின் அருகே எழுதப்பட்டுள்ளன. அவை பிழையானவை அல்ல, முழுமையற்றவை. போட் வில்லியத்தில் ஆணி அடித்த பெண்ணையும், நகோயாவில் தகடு வெட்டிய சிறுமியையும், விடியுமுன் கத்தியோடு மரத்தடிக்குச் சென்ற தோட்டத் தொழிலாளியையும் சேர்த்து வாசிக்கும்போதே அவ்விமானங்களின் வரலாறு முழுமை பெறும். முதலிருவர் பற்றி அவ்வந்நாடுகளில் ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. எமது இறப்பர்த் தோட்டங்களின் போர்க்கால நினைவுகளோ பெரும்பாலும் ஏட்டில் ஏறாமலே, அவற்றைச் சுமந்த தலைமுறையோடு மறைந்துகொண்டிருக்கின்றன. தோட்டக் கணக்கேடுகளையும், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்டறிந்த கதைகளையும் இப்போதே தேடித் தொகுப்பது தமிழ் ஆய்வாளரின் கடனாகும்.