கிணத்துத் தண்ணி கலங்கலா வருதா? ஃபில்டர் வாங்கும் முன் ஒரு 'பாட்டில் டெஸ்ட்'!

பக்கெட்டின் அடியில் மெல்லிசாக மண். வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறவில்லையே என்று பைப்பைக் கழற்றினால், வலை முழுக்க மணல். சொந்தக் கிணறோ போர்வெல்லோ இருக்கும் வீடுகளில் இது சகஜம்தான். உடனே நாம செய்யுறது என்ன? ஆன்லைனில் ஃபில்டர் தேடுறது. கொஞ்சம் பொறுங்க. வருவது மணலா, களிமண்ணா, இரும்பா என்று தெரியாமல் வாங்கினால் அது தண்டச் செலவு.

இதைக் கண்டுபிடிக்க ரெண்டு கண்ணாடி பாட்டில் போதும். ஒன்றில், மோட்டார் தண்ணீர் டேங்க்கில் விழும் இடத்திலேயே பிடியுங்கள். இன்னொன்றில் கிச்சன் குழாயில். முதல் பாட்டில் தெளிவாக இருந்து, இரண்டாவது மட்டும் கலங்கலாக இருந்தால் கிணற்றின் மேல் பழி போடாதீங்க. டேங்க் கழுவி எத்தனை மாசமாச்சு?

முதல் பாட்டிலே கலங்கலா? மூடாமல், அசைக்காமல் ஒரு ராத்திரி வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் அடியில் படிந்து, விரலில் நறநறத்தால் மணல். காலையிலும் கலங்கல் அப்படியே நின்றால் களிமண். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, நேரம் ஆக ஆக மஞ்சளாகி செம்பழுப்பாகப் படிந்தால் இரும்பு. கரைந்திருந்த இரும்பு காற்று பட்டதும் துருவாகிப் பிரிகிறது. பால் மாதிரி வந்து கீழிருந்து மேலாகத் தெளிந்தால் வெறும் காற்றுக் குமிழிதான், பயம் வேண்டாம்.

மணலுக்கு முதல் வைத்தியம் கிணற்றிலேயே இருக்கிறது. போர்வெல்லில் மோட்டார் அடிமட்டத்துக்கு ரொம்பப் பக்கத்தில் தொங்கினால் மணலை அள்ளத்தான் செய்யும். கொஞ்சம் மேலே ஏற்றச் சொல்லுங்கள். கம்ப்ரஸரில் ஃப்ளஷிங் செய்வதும் உதவும். அதற்கும் அடங்காவிட்டால் கேசிங் பைப்பில் உடைப்பு இருக்கலாம். களிமண்ணுக்கு நுண்துளை செடிமென்ட் ஃபில்டர். மணல் வரும் லைனில் இதை மாட்டினால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரசித் தண்ணீரைத் தெளியவைத்ததும் இந்தக் களிமண் கலங்கலுக்குத்தான். இரும்பு கதை வேறு. கரைந்த நிலையில் அது ஃபில்டரைத் தாண்டிப் போய்விடும். ஷவர் போலத் தூவி காற்றுப் படவிட்டு, படிந்த பிறகு வடிகட்ட வேண்டும்.

விற்க வருபவர் டி.டி.எஸ் மீட்டரை நீட்டினால் சிரிச்சுக்கோங்க. அது கரைந்த உப்பைக் காட்டுமே தவிர, மண்ணை அல்ல!

இதுவரை தெளிவாக இருந்த தண்ணீர் மழைக்குப் பிறகு திடீரென்று கலங்கினால், விஷயம் சீரியஸ். மேல்மட்டத் தண்ணீரோ கழிவுநீரோ உள்ளே இறங்கியிருக்கலாம். குளோரின் போட்டாலும் கலங்கலில் கிருமிகள் ஒளிந்து தப்பிக்கும். வடிகட்டி, நன்றாகக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். குடிநீரில் கலங்கல் 1 என்.டி.யூ-வுக்குள் இருக்க வேண்டும், வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். கிருமிப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

திறந்த கிணறு என்றால் கோடையில் தூர் வாருவதுதான் தீர்வு. ஆனால், 'நானே இறங்குறேன்' என்று மட்டும் கிளம்பாதீங்க. அடியில் ஆக்சிஜன் இல்லாமலோ, விஷவாயு தேங்கியோ இருக்கலாம். மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறப்பது அடிக்கடி நடக்கிறது. டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால் அதன் புகையே கொல்லும். பாதுகாப்புக் கருவிகளோடு வருபவர்களிடம் வேலையைக் கொடுங்கள். முடிந்ததும் பிளீச்சிங் பவுடர் போட்டு, ஒரு நாள் விட்டு, குளோரின் வாடை போகும்வரை தண்ணீரை இறைத்து வெளியேற்றிய பிறகே டேங்க்குக்கு ஏற்றுங்கள்.