மறிச்சுக்கட்டி வழி

இலங்கையின் வில்பத்துக் காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 1905-இல். அதற்கு அடுத்த ஆண்டு, அந்தக் காட்டின் வடக்கு எல்லையை ஒட்டிய மறிச்சுக்கட்டிக் கரையில் முத்துக்குளிப்பு நடந்தது. கீழக்கரையிலிருந்தும் அரபுக் கரைகளிலிருந்தும் குளியாட்கள், அவர்களைச் சுற்றி வியாபாரிகள், கடைக்காரர் என்று பல்லாயிரம் பேர் மணலில் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். கரைக்கு வந்த சிப்பி ‘கொட்டு’ எனப்பட்ட வேலியடைப்புக்குள் கொட்டிப் பங்கிடப்பட்டது: மூன்றில் இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவனுக்கு. அதை மேற்பார்வை செய்ய வந்தவர்களில் ஒருவர், பின்னாளில் எழுத்தாளராக அறியப்பட்ட லெனார்ட் வுல்ஃப். இன்று ஆளற்ற காட்டோரம் என்று பேசப்படும் இடம் அப்போது ஒரு தற்காலிக நகரம். இன்னும் பின்னே போனால், பூங்காவுக்குள் இருக்கும் பொன்பரிப்பில் அகழ்ந்தெடுத்த ஈமத்தாழிகள் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஒப்பிடப்படுகின்றன. புத்தளத்திலிருந்து எலுவன்குளம், மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை, அரிப்பு என்று மன்னாருக்குப் போகும் கரையோர வழி, இப்படி மனிதர் வாழ்ந்தும் புதைந்தும் கிடந்த நிலத்தின் ஊடாகவே செல்கிறது. அந்த வழியைப் பற்றி எப்போது பேச்சு எழுந்தாலும், காட்டுக்குள் மனிதன் நுழையலாமா என்று கேட்கிறோம். இக்கேள்வி வரலாற்றோடு பொருந்தவில்லை. மனிதன் எந்த வேகத்தில், எதில் ஏறி வருகிறான் என்பதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

சரணாலயம் யாருக்காக உண்டானது என்பதும் இதில் சேரும். இலங்கையில் காட்டு விலங்குகளைக் காக்க 1894-இல் அமைந்த சங்கம், பெரும்பாலும் வேட்டையாடிய வெள்ளைக்காரர்களின் சங்கம். விலங்கு அழிந்துபோகிறதே என்ற அவர்களது கவலை உண்மையானது. அந்தக் கவலை இல்லாதிருந்தால் இன்று வில்பத்தில் சிறுத்தை இருந்திராது. ஆனால் காட்டை வெளியிலிருந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறவனையே அவர்கள் மனத்தில் வைத்தார்கள். 1938-இல் சரணாலயம் தேசியப் பூங்கா ஆனது. வேட்டைத் துப்பாக்கியின் இடத்துக்கு ஒளிப்படக் கருவி வந்தது, பார்வையாளன் மாறவில்லை. இன்றும் அனுமதிச்சீட்டு வாங்கி, வழிகாட்டியோடு ஜீப்பில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். குறிக்கப்பட்ட சில இடங்கள் தவிர வேறெங்கும் கீழே இறங்கக் கூடாது. இது காவலுக்கான விதி, நியாயமான விதி. அதன் விளைவாக ஜீப் வாடகை கொடுக்க முடிந்தவர் பூங்காவின் ‘பொதுமக்கள்’ ஆகிறார், மறிச்சுக்கட்டியை உள்ளடக்கிய முசலிப் பகுதியிலிருந்து புத்தளத்துக்கு உறவினர் வீட்டுச் சாவுக்குப் போகிறவர் அத்துமீறியவராகிறார்.

இது வெறும் சொல்லளவான மனக்குறை இல்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல்வழியே கற்பிட்டியில் போய் இறங்கினார்கள். இருபது ஆண்டுகள் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் கழிந்தன. போர் முடிந்து முசலி மக்கள் ஊர் திரும்பியபோது குடும்பம் இரண்டு ஊருக்குமாகப் பிரிந்திருந்தது: பள்ளிக்கூடம் அங்கே, வயல் இங்கே. 2010-இல் கரையோரப் பாதை மறுபடி திறந்தது இவர்களுக்குப் பெரிய ஆறுதல். இல்லாவிட்டால் மதவாச்சி, அநுராதபுரம் என்று சுற்ற வேண்டும். அதே ஆண்டு சூழல் அமைப்புகள் இந்தப் பாதைக்கு எதிராக உயர் நீதிமன்றம் சென்றன.

அவர்கள் சொன்னதை எளிதில் தள்ள முடியாது. ஒரு நட்சத்திர ஆமையை நினைத்துப் பாருங்கள். ஆபத்து நெருங்கினால் அது ஓடாது. தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். நரியிடமிருந்து அதைக் காப்பாற்றிய பழக்கம் தார் வீதியில் அதைக் கொல்லும். மன்னார்த் தீவுக்குள் நுழையும் ஏ-14 வீதியில் பஸ்ஸில் போகிற எவரும் காசு கொடுக்காமலே பூநாரைகளைப் பார்க்கலாம், அருகே 2010-இல் பன்னாட்டு ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயம் இருக்கிறது, அங்கே வீதி இருந்தும் பறவை வருகிறதே என்று சிலர் கேட்பார்கள். பறவைக்குச் சிறகு உண்டு என்பதே பதில். பாதை வந்தால் கடை வரும், குடியிருப்பு வரும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் இருக்கிறது: பூங்காவை ஒட்டிய கல்லாறு ஒதுக்குக் காட்டில் மீள்குடியேற்றத்துக்காக மரங்களை அழித்தது சட்டவிரோதம் என்று 2020-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தக் காடு அழிந்தது புல்டோசராலும் அரசியல் தீர்மானத்தாலும். பயணம் போனவர்களால் அல்ல. அகலமாக்கிய தார் வீதியும் இரவு லொறியும் வேண்டாம் என்பதில் நான் சூழல் அமைப்புகளோடு நிற்கிறேன். பகலில் ஊர்ந்து போகும் பஸ்ஸும் மண்பாதையும் அதே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவதை ஏற்க முடியவில்லை. பூங்காவின் உள்பாதைகளில் ஜீப்புகள் நாள்தோறும் ஓடுகின்றன. சிறுத்தை தென்பட்டால் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. அவற்றின் சக்கரத்துக்கு அடியிலும் அதே ஆமைதான்.

இந்தக் காட்டை ஜீப்பில் அல்லாமல் நடந்து கடப்பவர்களைக் கற்பனை செய்த கதையும் உண்டு. எழுத்தாளர் நிஹால் டி சில்வாவின் ‘ஆனையிறவிலிருந்து ஒரு பாதை’ என்ற பொருள் தரும் ஆங்கில நாவல் 2003-இல் வந்தது. ஓர் இராணுவ அதிகாரியும் ஒரு புலிப் பெண்ணும் வில்பத்தை நடந்தே கடக்கிறார்கள் அதில். காட்டை நேசித்த அவர், 2006 மே மாதம் அதே பூங்காவில் வாகனத்தில் போகும்போது கண்ணிவெடியில் இறந்தார். பூங்கா மறுபடி மூடப்பட்டது.

மூடியும் திறந்தும் வந்த இந்த நூற்றாண்டில் ஓர் ஏற்பாடு மட்டும் பெரிய வழக்கில்லாமல் நடந்திருக்கிறது. பூங்காவுக்குள் பள்ளக்கண்டல் புனித அந்தோனியார் ஆலயம் இருக்கிறது. திருவிழாவுக்கு வனசீவராசிகள் திணைக்களம் அனுமதி தருகிறது. அடியார்கள் காட்டுக்குள் போய், பூசை முடித்துத் திரும்புகிறார்கள். எப்போது, எந்த வழியாக, எத்தனை நாள் என்று முன்கூட்டியே பேசி முடிவாகிறது. முசலிக்காரரின் பகல் பஸ்ஸுக்கும் திணைக்களம் அப்படிப் பேசிப் பார்க்கலாம்.