சுரங்கத் தமிழும் ஓர் உரைக்கோப்பும்

பேத்தமங்களாவிலிருந்து எழுதுகிறேன். கோலார் தங்கவயலுக்குப் பாலாற்று நீரை அனுப்பிய ஊர் இது. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அதன் தொழிற்சொற்களை அறிந்தோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். அக்காலத்தில் தொகுக்கப்பட்ட சொற்பட்டியல் ஒன்று அண்மையில் என் கைக்கு வந்தது.

அது எளிய உரைக்கோப்பு. மொழியியலாளர்க்கென எஸ்.ஐ.எல். நிறுவனம் உருவாக்கிய ஷூபாக்ஸ் மென்பொருளின் முறைப்படி, வரிதோறும் பின்சாய்கோடும் சுருக்கக்குறியும் முன்நின்றன: தலைச்சொல், இலக்கண வகை, பொருள். மென்பொருள் இல்லாமலே கட்டமைப்பு விளங்கிற்று. தமிழ்தான் விளங்கவில்லை.

எளிய உரை என்றும் அழியாது என்போர் பெரும்பாலும் ரோமன் எழுத்தை மனத்தில் வைத்தே சொல்கின்றனர். ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடமிருந்தும், அது கணினிகளில் பரவும்வரை எழுத்துருவுக்கொரு குறியேற்றம் வழங்கியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமே மயிலை, திஸ்கி, ஒருங்குறி என மூன்று நிலைகளைக் கடந்தது.

இது எண்களை மட்டும் மாற்றும் வேலையன்று. திஸ்கியில் ‘கெ’ என்பதன் கொம்பு முதலிலும் ககரம் பின்னரும் சேமிக்கப்படும். ஒருங்குறியில் ககரமே முதல். (மெய்யின் பின்னரே உயிர் ஒலிக்கும் என்ற தொல்காப்பியர் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.) வரிசையைத் திருத்தாவிடில் கோப்பில் இருக்கும் சொல்லும் தேடலில் அகப்படாது, அகரவரிசையும் குலையும்.

பட்டியலில் எழுத்துருவின் பெயர் எங்குமில்லை. தெரிந்த ஊர்ப்பெயர்களை ஒப்பிட்டே அது திஸ்கி எனக் கண்டேன். மூலக்கோப்பைத் தொடாமல் வைத்து, மாற்றிய படியின் முதல் வரியில் இரு குறியேற்றங்களின் பெயர்களையும் எழுதியுள்ளேன்.