வேவ்: கோப்புக்குள் ஓர் அலை

வேவ் (பெயர்ச்சொல்): ஒலியைச் சுருக்காமல், பதிவான எண்களாகவே சேமிக்கும் கோப்பு வகை. மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991இல் வெளியிட்டது.

ஆங்கில 'வேவ்' என்பதன் பொருள் அலை. கையை இப்படியும் அப்படியும் அசைப்பதைக் குறித்த 'வாஃபியன்' என்ற பழைய ஆங்கில வினையே அதன் வேர். நம் 'அலை'யும் அப்படித்தான்: அலைகிறது, அலைக்கழிக்கிறது, அலைச்சல். இரு மொழிகளும் அசைவிலிருந்தே அலைக்குப் பெயரிட்டன. ஒலியும் காற்றின் அசைவுதானே! இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது.

குறுந்தகட்டுத் தரத்தில் அந்த அசைவை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுகிறார்கள். இடம், வலம் என இரு தடங்களுக்கும் சேர்த்து நொடிக்கு 1,76,400 பைட். ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட்.

இந்தச் சொல் கோப்பின் உள்ளேயும் இருக்கிறது. 9ஆம் பைட்டிலிருந்து 12ஆம் பைட் வரை 'வேவ்' என்ற சொல்லின் நான்கு ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். பைத்தான் நிரல்மொழியில் இக்கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் தொகுதிக்கும் 'வேவ்' என்றே பெயர். அது கோப்பைத் திறந்ததும் அந்த நான்கு எழுத்துகளைத் தேடும். காணாவிட்டால் பிழை என்று நிறுத்திவிடும்.

உடன்சொல், ஃபிரேம்: ஒரே கணத்தில் எல்லாத் தடங்களிலும் எடுத்த அளவுகளின் தொகுப்பு. பைத்தானின் 'வேவ்' தொகுதி ஒலியைப் படிப்பதும் எழுதுவதும் ஃபிரேம் கணக்கில்தான்.

பயன்பாடு: "பாட்டியின் தாலாட்டை முதலில் வேவாகப் பதிந்து வை, சுருக்குவதைப் பிறகு பார்க்கலாம்."